தள்ளிவிட்டால் ஓடாத இன்ஜின்

வாய்க்கால் கரை முடிந்து தார்ரோடு ஏறும் இடத்தில் செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். சாப்பாட்டு நேரம். ரோட்டில் ஆள் இல்லை. கள்ளுக்கடை வாசலில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. மீனாட்சிபுரம் பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது. தார் சுட்டதால் ஓரத்துப் புல்லில் கால் வைத்து நடந்தேன்.

அந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் தென்னந்தோப்புக்கு மேலே அந்த வீட்டின் மாடி தெரியும். பார்த்தேன். மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. அதற்கு முன் பல மாதம், பால் கேனோடு இதே வழியில் வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போதெல்லாம், அந்த ஜன்னல் பாதி திறந்திருக்கும். உள்ளே சின்னதாய் ஒரு விளக்கு நகர்ந்து போகும். அது இன்ஜினின் முன்விளக்கு.

பையில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, துண்டில் சுற்றிய, ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோல், அந்த வீட்டு அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதம். சட்டைப் பையில் கட்டை விரல் நகம் அளவில் ஒரு பச்சைக் கார்டு, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. உலகத்தில் எத்தனையோ சாமான் ஒரு இடத்தில் உதவாவிட்டால் இன்னொரு இடத்தில் உதவும். இது அப்படிப்பட்டது இல்லை.

நான் பிறந்தது மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில். எட்டாவது வரை படித்தேன். பிறகு டீ ஃபாக்டரியில் சாக்குத் தைத்தேன். கோயமுத்தூரில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் பட்டறையில் கொஞ்ச காலம், ஆனைகட்டியில் செங்கல் சூளையில் கொஞ்ச காலம். எந்த இடத்திலும் யாரும் என்னைத் துரத்தவில்லை. ஒரு காலையில் எழுந்ததும் போகலாம் என்று தோன்றும், போய்விடுவேன். கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வீட்டில் மாட்டு வேலைக்குத்தான் சேர்ந்தேன். கறவை மாடுகள், தென்னை, கொஞ்சம் காய்கறி. பெரியவருக்கு எழுபதை நெருங்கும் வயது. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்னால் தோப்பில் நிற்பார். அம்மா மெலிந்த உடம்பு. ஒரே மகன், மாடியில் இருந்தார். வெளிநாட்டில் கம்பெனி வேலையில் இருந்து, அந்த வேலை போய்த் திரும்பி வந்தவர். வந்த நாளிலிருந்து மாடியை விட்டு இறங்குவது அபூர்வம். சாப்பாட்டுத் தட்டு படிக்கட்டின் மேல் படியில் வைக்கப்படும். அதே படியில் திரும்பி வரும்.

நான் சேர்ந்த வாரம் சாணி அள்ளிக்கொண்டிருந்தபோது மேலே வண்டு பறப்பது போல் ஒரு சத்தம் கேட்டது. ஓரிடத்தில் நின்றது, மறுபடி நகர்ந்தது. நான் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்த அம்மா, தொழுவத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னார்.

"ரயிலுப்பா அது. பொம்ம ரயிலு. மேல ரூம் முழுக்க தண்டவாளம் போட்டு வெச்சிருக்கான். அந்தச் சத்தம் வந்துட்டே இருக்கட்டும். அது கேட்டா எனக்கு ஒரு தைரியம்."

"என்ன தைரியம்மா?"

"உசுரோட இருக்கான்னு."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, கழுநீர் வாளியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நானும் அந்தச் சத்தத்தைக் கேட்கப் பழகினேன். காலையில் பால் கறக்கும்போது அது ஆரம்பித்துவிட்டால் அம்மாவின் நடையே வேறாக இருக்கும். தாமதமானால் படிக்கட்டின் அடியில் போய் நிற்பார், எதையோ தேடுவதுபோல.

நான் காயில் சுற்றத் தெரிந்தவன் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் மகன் படிக்கட்டின் மேலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணா, ஈயம் பத்த வெக்கத் தெரியுங்களா?"

"தெரியும் தம்பி."

"கொஞ்சம் மேல வாங்ணா. என்ற கை நடுங்குது."

அப்படித்தான் அந்த அறைக்குள் போனேன். நான்கு சுவரையும் ஒட்டி மேஜை. மேஜை மேல் தண்டவாளம், பாலம், தெர்மாக்கோலில் செய்த மலை, ஒரு ஸ்டேஷன். ஸ்டேஷனைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, மீனாட்சிபுரம் ஸ்டேஷன்தான். மீட்டர்கேஜ் காலத்தில் இருந்த மாதிரி, ஓட்டுக்கூரையும் வேப்பமரமும். மகனுக்கு முப்பதைத் தாண்டிய வயது. தாடி. நல்ல மனிதர். என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார்.

தினமும் மத்தியான வேலை முடிந்ததும் மேலே போவது வழக்கமாயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் பற்றவைத்தேன். என்னிடம் மட்டும் பேசினார், அதுவும் இன்ஜினைப் பற்றி மட்டும். எனக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

முதலில் எனக்குப் புரியாதது ஒன்று இருந்தது. ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் நிற்கும். ஒன்று போகும், மற்றது அசையாது. கரண்ட் இரண்டுக்கும் ஒன்றுதானே?

"பழைய பொம்ம ரயில்ல தண்டவாளத்துக் கரண்டக் கூட்டுனா வண்டி வேகமாப் போகும், கொறச்சா நிக்கும். அவ்வளவுதாங்ணா," என்றார். "இது டிஜிட்டல். தண்டவாளத்துல எப்பவும் முழுக் கரண்ட் நிக்கும், கூடாது, கொறையாது. அந்தக் கரண்டுலயே சொல்லும் சேந்து போகுது. மூணாம் நம்பர் முன்னால போ, ஏழாம் நம்பர் நில்லு, இப்படி. வண்டிக்குள்ள ஒரு கார்டு இருக்கும். டீகோடர்னு பேரு. அது தன்ற நம்பரக் கேட்டா மட்டும் மோட்டாருக்குக் கரண்ட விடும்."

"கார்டு இல்லாத வண்டிய இதுல வச்சா?"

"அது டிசி மோட்டாரு. நம்ம லைன்ல இருக்கறது ஏசி மாதிரி நொடிக்கு ஆயிரக்கணக்குல முன்னும் பின்னும் மாறிட்டே இருக்கும். மோட்டாரு எந்தப் பக்கம் சுத்தறதுன்னு தெரியாம நின்ன எடத்துலயே உறுமும். உறுமிட்டே சூடாகி எரியும்."

சொல்லிக்கொண்டே அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை. அதில் கறுப்பு இன்ஜின் ஒன்று தனியாக நின்றது. புகைபோக்கி ஒடிந்து, திரும்ப ஒட்டியிருந்தது.

"அது?"

"அது சின்ன வயசுல அப்பா வாங்கிக் குடுத்தது. கொச்சியில போயி வாங்கிட்டு வந்தாரு. பஸ்ஸுல மடிலயே வெச்சு."

"அதுக்கும் கார்டு போட்டா இந்த லைன்ல ஓடுமில்ல?"

"போடலாங்ணா. ஆனா அதுல மோட்டாரோட ஒரு முனை நேரா இரும்பு பாடிலயே உக்காந்திருக்கு. பாடிதான் தண்டவாளத்துல கரண்ட் எடுக்குது. கார்டு போடோணும்னா மோட்டாரப் பாடில இருந்து பிரிக்கோணும். பிரிக்காமப் போட்டா கார்டு போயிரும். பிரிக்கறதுன்னா பாடிய அறுக்கோணும்." பலகையிலிருந்து கண்ணை எடுத்தார். "அதைய அறுக்கறக்கு எனக்கு மனசு வரல."

அதோடு அந்தப் பேச்சு நின்றது.

அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை என்பது சேர்ந்த அன்றே தெரிந்தது. காரணத்தை அம்மா பிறகு சொன்னார். மகன் திரும்பி வந்த புதிதில், சொந்தக்காரர் ஒருவர் வந்து, பையன் என்ன செய்கிறான் என்று கேட்டிருக்கிறார். பொம்மை வைத்து விளையாடுகிறான், எனக்குப் பையனே இல்லையென்று நினைத்துக்கொண்டேன் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். மகன் அப்போது படிக்கட்டில் நின்றிருக்கிறார். அவ்வளவுதான். பெரியவர் அதற்குப் பிறகு மேலே ஏறவில்லை. மகன் அவர் இருக்கும்போது கீழே இறங்கவில்லை.

ஒருநாள் சாயங்காலம் பெரியவர் தொழுவத்துக்கு வந்தார். மாட்டின் காதைத் திருப்பிப் பார்த்தார், உண்ணி பொறுக்கினார். வேறு ஏதோ பேச வந்திருக்கிறார் என்று புரிந்தது.

"ஏனப்பா, மேல போறியே. அந்தக் கருப்பு வண்டி இருக்குதா?"

"இருக்குங்கய்யா. பலகைல இருக்கு."

"ஓட்டறானா?"

"இல்லங்கய்யா."

"அதான பாத்தேன்." அவர் மாட்டின் முதுகைத் தட்டினார். "ஊருல இருக்கற இன்ஜினெல்லாம் வாங்கி ஓட்டறான். நான் வாங்கிக் குடுத்தது மட்டும் அவனுக்கு ஆகல."

"அப்படி இல்லங்கய்யா. அது அந்த லைனுக்குச் சேராது. கார்டு வேணும்." எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். லைனில் எப்போதும் முழுக் கரண்ட், கார்டுதான் அதைப் பிரித்துக் கொடுக்கும், நம்பர் சொல்லிக் கூப்பிட்டால்தான் வண்டி நகரும்.

பெரியவர் கவனமாகக் கேட்டார். "அப்ப ஸ்டார்ட்டர் பொட்டி இல்லைங்கற."

"அது மாதிரின்னு வச்சுக்கங்க."

"நம்ம தோப்புல எத்தன மோட்டாரு ஸ்டார்ட்டர் இல்லாம டைரக்டா ஓடுது. உறுமிச்சுன்னா கையில ஒரு சுத்து சுத்திவிட்டா எடுத்துக்குது."

"இது அப்படி எடுக்காதுங்கய்யா. எரிஞ்சு போகும்."

"செரி செரி." மாட்டின் கயிற்றை இழுத்துச் சரிசெய்தார். "நம்பரு சொல்லிக் கூப்புட்டா வருமாக்கும்? அவனுக்கும் ஒரு நம்பரு இருந்தா சொல்லு. கூப்புட்டுப் பாக்கறேன்."

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். இருவருமே சிரிக்கவில்லை. போகும்போது குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வண்டிய அந்த லைன்ல ஓடற மாதிரி பண்ணிக் குடுப்பா. நான் சொன்னேன்னு சொல்லாத. அது ஓடற சத்தம் கேட்டா நான் மேல ஏறிப் போவேன். சும்மா எப்படிப்பா போறது?"

அவருக்கு மேலே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் கேட்டது அவ்வளவுதான்.

மறுநாள் மேலே போனபோது, யார் கேட்டார்கள் என்று சொல்லாமல், அந்தக் கறுப்பு வண்டியை ஓடவைத்தால் என்ன என்று கேட்டேன். பாடியை அறுக்காமல், மோட்டாரை மட்டும் கழற்றி அடியில் பிளாஸ்டிக் தகடு வைத்து, திருகுகளுக்கு நைலான் போட்டால் பிரித்துவிடலாம், பட்டறையில் அப்படிச் செய்திருக்கிறேன் என்றேன். அவர் தண்டவாளத்தின் மேல் குனிந்துகொண்டார். இரண்டு மூன்று நாள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பிறகு ஒரு மத்தியானம் கதவைத் திறந்ததும் சொன்னார்.

"கார்டு ஆர்டர் போட்டுட்டேங்ணா. அறுக்காமப் பண்ணலாம்னா பண்ணலாம்."

"நல்லதுங்க தம்பி."

"அப்பாகிட்டச் சொல்லாதீங்க. ஓடட்டும் பொறவு நானே கீழ எடுத்துட்டுப் போயி..." தண்டவாளத்தைத் துணியால் துடைக்க ஆரம்பித்தார்.

ஒருவர் சொல்லாதே என்றார். மற்றவரும் சொல்லாதே என்றார். பெரியவர் தொழுவத்தில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "ஆச்சா?" என்று கேட்பார். "கார்டு வரணும்ங்கய்யா" என்பேன். "ஸ்டார்ட்டர் வாரதுக்குள்ள மோட்டாரு மண்ணாப் போயிரும்" என்று முனகிக்கொண்டு போவார். அந்த நாட்கள் நன்றாகவே இருந்தன. அம்மா எனக்குச் சோற்றில் கூடுதலாய் நெய் விட்டார்.

பார்சல் வந்த அன்று நான் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். கேட்டில் டெலிவரி வண்டி நின்றது. பக்கத்தில் மகன், வெறுங்காலோடு. போனுக்கு வந்த நம்பரைச் சொன்னால்தான் பார்சல் தருவார்கள் என்பதால் அவரே இறங்கி வந்திருந்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்கேயே வெளியுறையைக் கிழித்தார்.

"வந்துருச்சுங்ணா. பாருங்க, எட்டுக் கம்பி. நமக்கு வேண்டியது நாலுதான்."

அம்மா உள்ளிருந்து ஓடிவந்தார். மகன் பகல் வெளிச்சத்தில் முற்றத்தில் நிற்பதைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், "மோர் குடிக்கறயா சாமி?" என்றார். அவர் சரி என்றார். அடுப்படிக்குள் போய், அம்மிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்றேன். மோரில் பெருங்காயம் போட்டோமா என்று அம்மா மூன்று தடவை முகர்ந்து பார்த்தார். மகன் ஒரு சொம்பு குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். வெண்டைக்காய் இருக்குதா என்று கேட்டார். அம்மா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான்.

பெரியவர் தேங்காய் காயப்போடும் களத்தில் இருந்திருக்கிறார். மகன் கீழே இறங்கியதையும் அடுப்படிக்குள் போனதையும் பார்த்திருக்கிறார். மாடிக்கு வெளிப்பக்கமாகவும் இருந்த இன்னொரு படிக்கட்டில் ஏறி மேலே போயிருக்கிறார். மகன் திரும்பி வரும்போது அந்தக் கறுப்பு வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதைப் பார்த்தபடி அவர் அங்கே நின்றிருக்க வேண்டும். அப்படி நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அவரிடம் நான் கேட்கவில்லை.

அந்த வாசனை எனக்குத்தான் முதலில் தெரிந்தது. காயில் எரிகிற வாசனை. பட்டறையில் வருஷக்கணக்காக முகர்ந்தது. வார்னிஷ் கருகிப் பிறகு பிளாஸ்டிக் உருகும் வாசனை. நான் மேலே பார்த்ததை மகன் பார்த்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

நாங்கள் ஏறிப் போனபோது பெரியவர் மேஜை மேல் குனிந்து நின்றார். ஸ்டேஷனுக்கு முன்னால் கறுப்பு இன்ஜின். அது உறுமிக்கொண்டிருந்தது. தோப்பில் கண்டென்சர் போன மோட்டார் உறுமும் அதே சத்தம், சின்னதாக. பெரியவர் இரண்டு விரலால் அதைப் பின்னாலிருந்து தள்ளினார். கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி தள்ளினார். உள்ளே பல் சக்கரம் நொறுங்கும் சத்தம். பிளாஸ்டிக் பாய்லரின் மேற்பக்கம் வெல்லப்பாகு மாதிரி அமுங்கியிருந்தது. புகை வந்துகொண்டிருந்தது.

எங்களைப் பார்த்தும் பெரியவர் நிமிரவில்லை. கை வைத்தபடியே மகனிடம் பேசினார்.

"உறுமுது கண்ணு. எடுக்க மாட்டீங்குது. இன்னொருக்கா தள்ளிவிட்டா எடுத்துக்கும்."

அத்தனை காலத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய பேச்சு அது.

மகன் சுவரோரம் போய் ஸ்விட்சை அணைத்தார். உறுமல் நின்றது. அவர் கையில் கார்டு இருந்த உறை அப்படியே இருந்தது. அப்பாவின் விரல் நுனிகள் சிவந்து கொப்பளித்திருந்ததை நான் பார்த்தேன். மகனும் பார்த்திருக்க வேண்டும். பெரியவர் மறுபடி ஏதோ சொல்ல வந்தார். "கண்டென்சர்..." என்றார். மகன் என் பக்கம் திரும்பினார்.

"கீழ கூட்டிட்டுப் போங்ணா."

நான் பெரியவரின் தோளைத் தொட்டேன். அவர் கூடவே இறங்கினார். படியில் கால் வைக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மாலை அந்த இன்ஜினைத் திறந்து பார்த்தேன். சுற்றித் தரலாம் என்றுதான் திறந்தேன். சுற்றுவதற்கு எதுவும் மிச்சமில்லை. கம்பி கரியாகி, அது சுற்றியிருந்த அச்சும் உருகி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. வேறு மோட்டார் போடலாம் என்றேன். "அப்பறம் அது அந்த வண்டி இல்லீங்களே" என்றார் மகன். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த ஸ்விட்ச் போடப்படவில்லை.

அடுத்த நாள் காலை பால் கறக்கும்போது மாடுகளின் அசைபோடும் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. அம்மா படிக்கட்டின் அடியில் நின்றார். பாதிப் படி ஏறி, கதவில் காது வைத்துவிட்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறினார். அப்படியே நாட்கள் போயின. தட்டு மேல் படியில் போகும். தொட்டும் தொடாமலும் திரும்பி வரும். ராத்திரியில் அம்மா படிக்கட்டின் கீழ்ப்படியிலேயே பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்தார்.

"நீ போயி ஒரு வண்டிய மட்டும் ஓட்டிவிடுப்பா," என்றார் என்னிடம். "எந்த வண்டியாச்சும். சும்மா ஒரு சத்தம் வரட்டும். அவன் ஓட்டலீன்னாலும் பரவால்ல."

மேலே போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மகன் கண்ணைத் திறந்துதான் படுத்திருந்தார்.

"அம்மா சொன்னாங்களா?"

"ஆமா தம்பி."

"அந்த ஸ்விட்சத் தொடாதீங்ணா."

அவர் தலையணைக்கு அடியிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார். "இதைய நீங்களே வெச்சுக்கங்க. எனக்கு வேண்டாம்."

கீழே இறங்கும்போது பெரியவர் தொட்டியருகே நின்றிருந்தார். விரலில் துணி சுற்றியிருந்தது. என் கையைப் பார்த்தார்.

"என்னப்பா அது?"

"கார்டுங்கய்யா."

"எந்தக் கார்டு?"

"அந்தக் கறுப்பு வண்டிக்கு வந்ததுதான்."

"நீ வரவழைச்சதா?"

"இல்லங்கய்யா. தம்பியே வரவழைச்சது. அன்னைக்குக் கீழ இறங்கினது இத வாங்கத்தான். போட்டு ஓடவிட்டு உங்ககிட்டக் கொண்டுவந்து காட்டணும்னு இருந்தாரு."

பெரியவர் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். வேட்டி நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"அவனா?"

"அவருதாங்கய்யா."

ஒரு மாடு வந்து அவர் பக்கத்தில் குடித்தது. பிறகு சொன்னார், கோபமில்லாமல்: "நீ போயிருப்பா. உன்ற மேல ஒண்ணும் இல்ல. உன்னையப் பாக்கறப்பெல்லாம் எனக்கு அதுதான் நெனப்பு வரும். போயிரு."

"மேல ஒருக்கா போயிப் பேசுங்கய்யா."

"என்னன்னு போறது?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் பகலில் கிளம்பினேன். அம்மா சாதத்தைக் கட்டிக் கையில் கொடுத்துவிட்டு, கேட்டுவரை கூடவே வந்தார். அவர் கண் என் மேல் இல்லை, மாடி மேல் இருந்தது.

"ஏனப்பா, உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா? எங்காச்சும் போறேன்னு, செத்துப்போறேன்னு, இப்படி ஏதாச்சும்?"

"இல்லம்மா. ஒன்னும் சொல்லல."

"சொல்லீருந்தான்னாக் கூடப் பரவால்ல," என்றார். கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். அவர் படிக்கட்டுப் பக்கம்தான் போகிறார் என்று நடையைப் பார்த்தே தெரிந்தது.

மீனாட்சிபுரத்தில் பஸ் ஏறினேன். கேரள எல்லையைத் தாண்டியதும் போனில் தமிழ்நாட்டுக்கு வரவேற்பு வந்தது. பொள்ளாச்சியில் இறங்கி செருப்புக்கு வார் தைத்தேன். எலுமிச்சை சாதத்தை உடுமலைப் பஸ் நிலையத்தில் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, உப்பு மட்டும் இல்லை. அம்மா மறந்திருந்தார். எங்கே போவது என்று யோசிக்கவில்லை. மூணாறு போர்டு போட்ட பஸ் நின்றது, ஏறிக்கொண்டேன். சின்னாறு செக்போஸ்டில் பஸ்ஸுக்குள் ஏறிப் பைகளைத் தடவிப் பார்த்தார்கள். பற்றவைப்புக் கோலை எடுத்து இது என்ன என்று மலையாளத்தில் கேட்டார் வனத்துறைக்காரர். சொன்னேன். சட்டைப் பையைக் காட்டி இது என்றார். ரயில் இன்ஜினுக்கு என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

மறையூரில் இருட்டும் நேரத்தில் இறங்கினேன். எஸ்டேட்டுக்குப் போய் என்னத்தைச் செய்ய? அங்கே எங்கள் லயத்தில் இப்போது வேறு ஆட்கள். ஒரு கடை வராந்தாவில் படுத்தேன். கண் மூடினால் சத்தம் வந்ததா வரவில்லையா என்று காது தானாகவே தேடியது. அந்த அம்மாவின் பழக்கம் எனக்கும் ஒட்டியிருந்தது. அம்மாவின் போன் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டால் அவர் என்ன சொல்வாரோ என்று கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை. இன்றுவரை அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

விடிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே புகை எழுந்த கொட்டகை ஒன்றுக்குப் போனேன். சர்க்கரை காய்ச்சும் இடம். வெல்லத்தை இங்கே சர்க்கரை என்றுதான் சொல்வார்கள். கொட்டகைக்காரர் பீடியோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன வேல தெரியும்?"

"எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்ண்ணே."

"அப்படிச் சொல்றவனுக்கு ஒன்னுமே தெரியாது." சிரித்தார். "அடுப்புக்குச் சக்கை தள்ளு. மத்ததப் பெறகு பாப்போம்."

காய்ந்த கரும்புச் சக்கையை அடுப்பு வாயில் தள்ளத் தொடங்கினேன். கொப்பரையில் இன்னும் சாறு வரவில்லை. கரும்பு பிழியும் ஆலையை ஓட்டும் ஆள் ஸ்விட்சைப் போட்டார். மோட்டார் எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே உறுமியது.

என் கை நின்றுவிட்டது.

"ஏப்பா புதுசு, என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?" கொட்டகைக்காரர் கத்தினார். "பெல்ட்டப் புடிச்சுத் தள்ளிவிடு!"

"மூணு பேஸ் கரண்ட்ல ஒன்னு வரலண்ணே. ஆஃப் பண்ணச் சொல்லுங்க, எரிஞ்சுரும்."

"தினமும் காலைல இப்படித்தான் உறுமும். தள்ளுனா எடுத்துக்கிரும். தள்ளுய்யா!"

ஓடிப்போய் இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்துத் தள்ளினேன். அசையவில்லை. காலை ஊன்றி மறுபடி தள்ளினேன். பெல்ட் என் கையை விட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது. உருளைகள் சுற்றின. யாரோ கரும்பைச் செருகினார்கள். சாறு தகர வாய்க்காலில் விழுந்து ஓடியது.

"பாத்தியா?" என்றார் கொட்டகைக்காரர்.

உள்ளங்கை எரிந்தது. லுங்கியில் துடைத்துக்கொண்டு திரும்பவும் அடுப்பு முன்னால் உட்கார்ந்து சக்கையைத் தள்ளினேன்.